தண்டவாளம் போனாலும் தரை போகக்கூடாது

(கமக்காரரும் தொழில்துறையினரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



புகையிரதத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். ஓடும் புகையிரதத்தைப் பற்றி நாம் அதிகம் பேசப்போவதில்லை. நின்றுபோன புகையிரதங்களைப் பற்றியே பேசப்போகிறோம். காங்கேசன்துறை வரை பாதை மீண்டும் போட்டாயிற்றே, தலைமன்னாருக்கும் போட்டாயிற்றே, இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களுட் சிலர் நினைக்கலாம். பாதை இருக்கும் காலத்திற் பேசவேண்டிய பேச்சே இது. போன பின்னர் பேசினால் அனுதாபப்படுவார்கள், செவிசாய்க்க மாட்டார்கள்.

கிராமத்துப் புகையிரதப் பாதையொன்று இல்லாமற் போவது ஒரே செயலன்று. அதனுள் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள். பின்னர் தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள். அதன் பின்னர், ஆரவாரம் எதுவுமின்றி, பாதை கிடந்த நிலம் கைமாறுகிறது. நிறுத்திய வண்டியை ஒரு கட்டளையால் மீண்டும் ஓடவிடலாம். பெயர்த்த தண்டவாளத்தைக் கடன்பட்டேனும் திரும்பப் போடலாம். நிலம் துண்டுதுண்டாகப் போய், அதன்மேல் வீடும் கடையும் வீதியும் எழுந்துவிட்டால், கடனும் உதவாது, கட்டளையும் உதவாது. ஆனால் பொதுமக்களாகிய நாம் செய்வது என்ன? வண்டி நிற்கும்போது கூட்டம் போட்டுக் கண்டிக்கிறோம். தண்டவாளம் பெயர்க்கப்படும்போது வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறோம். நிலம் கைமாறும்போது நமக்கும் ஒரு துண்டு கிடைக்குமா என்று விசாரிக்கிறோம்!

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரையிலான பாதை 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது. அப்போது தெற்கோடு அதற்குத் தொடர்பே இல்லை. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் கொழும்புப் பாதையோடு அது முழுமையாக இணைந்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்க்கையே வேறாயிற்று. புகையிலைச் சிப்பமும் வெங்காய மூட்டையும் மிளகாய்ச் சாக்கும் தெற்கே சென்றன. தெற்கே உத்தியோகம் பார்த்த பிள்ளைகள் லீவுக்கு ஊருக்கு வந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் தபால் வண்டியில் வந்தது. நம் பொருளாதாரத்தை மணியோடர் பொருளாதாரம் என்று பரிகசித்தவர்கள் உண்டு; அந்த மணியோடரைச் சுமந்துவந்தது இந்தப் பாதையே. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டளவில் எழுந்த சீமந்துத் தொழிற்சாலைக்கும் இப்பாதையே துணையாயிற்று. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் வண்டியும் பிரிக்கும் சட்டமும் ஒரே ஆண்டிற் புறப்பட்டன என்பதை வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

மன்னார்ப் பாதையின் கதை சிறியது. 1914ஆம் ஆண்டில், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பல் வழியாகத் தனுஷ்கோடிக்கும் தொடர்பு ஏற்பட்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து அங்கு சென்ற பாதையையும் அழித்தது. பயணிகள் வண்டியொன்றும் அலைக்கு இரையாயிற்று. அந்தத் துண்டுப் பாதை திரும்பப் போடப்படவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. போர் தொடங்கியபின் அதுவும் நின்றது.

வடக்குப் பாதையில் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாளோடு வண்டி நின்றது. போர் வந்தது; வண்டி நின்றது; அவ்வளவே. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இரு பக்கத்தாரும் எடுத்தனர். இதை ஒளித்துப் பேசுவதில் நமக்கு இலாபமில்லை. எம் வயதினர் பலர் சிறுவர்களாக இருந்த காலத்தில், தண்டவாளமற்ற அந்த மேட்டிலே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் சென்றோம். ஒரு காலத்தில் அதன்மேல் யாழ்தேவி சென்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாமும் கதை கேட்பதுபோற் கேட்டுக்கொண்டு மிதிப்போம்.

அந்தப் பாதை மீண்டது எப்படி? இந்தியக் கடனும் இந்தியப் பொறியியலாளரும் என்று உடனே சொல்வீர்கள். உண்மைதான். ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர். இவ்வளவும் இந்தியாவின் இர்க்கொன் நிறுவனத்தாற் புதிதாகப் போடப்பட்டன. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு மார்ச்சில் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015ஆம் ஆண்டு ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார் துறைக்கும் வண்டி வந்தது. ஆனால் கடன் தண்டவாளத்தைத் தரும், சிலிப்பரைத் தரும், பாலத்தையும் தரும். கொடிகாமத்திலிருந்து மீசாலைக்கும் மீசாலையிலிருந்து சங்கத்தானைக்கும் தொடர்ந்து கிடக்கும் நேரான நிலத்தை எந்தக் கடன் தரும்? அந்த நிலம் 24 ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. அதனாலேதான் பாதை மீண்டது.

நிலம் ஏன் கிடந்தது? இங்கே சட்டம் சற்றுப் பேசவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு இடையறாது, உரியவனுக்கு எதிராக ஒரு காணியை ஆண்டுவந்தால், ஆண்டவனுக்கே உரிமை என்பது நம் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த சட்டம். வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டுப் பத்து ஆண்டு காத்திருக்கும் கலையில் நம்மவர்க்கு நிகர் யாரும் இலர்! நீதிமன்றங்கள் நிறைந்து வழிவதும் அதனாலேதான். எம் தொழில் நடப்பதும் அதனாலேதான். ஆனால் அதே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், முடிக்குரிய காணிக்கு, அதாவது அரச காணிக்கு, இந்த விதி செல்லாது என்கிறது. புகையிரதப் பாதைநிலம் அரச காணி. பத்து ஆண்டன்று, இருபத்து நான்கு ஆண்டு ஆண்டாலும் அதில் ஆட்சியுரிமை பிறவாது. அந்த ஒரு விதியே நம் பாதைநிலத்தைக் காத்தது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையானவர் ஆகமாட்டோம். அந்த நிலத்தில் ஆட்கள் இருந்தனர். வேலியைத் தள்ளிப் போட்ட கெட்டிக்காரர்களை நாம் சொல்லவில்லை. ஷெல்லுக்கு அஞ்சி ஓடிவந்து, சொந்த ஊருக்குத் திரும்ப வழியின்றி, அரச நிலமென்று தெரிந்தும் தெரியாமலும் கொட்டில் போட்டு இருந்த குடும்பங்களைச் சொல்கிறோம். அவர்களைச் சட்டம் எப்படி நடத்துகிறது? 1979ஆம் ஆண்டின் அரச காணி மீளப்பெறும் சட்டப்படி, வெளியேறும்படி ஓர் அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் நீதவான் முன்னிலையில் நிறுத்துவார்கள். அங்கே அவர் காட்டக்கூடியது ஒன்றே: செல்லுபடியான அனுமதிப் பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம். அது இல்லையென்றால் வேறு நியாயம் எடுபடாது. போக இடமில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பிறந்த ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் இருக்கிறது என்பனவெல்லாம் அந்த மன்றில் நியாயங்கள் அல்ல. பாதையைக் காத்த சட்டமே ஏழையைத் துரத்தும் சட்டமாகவும் நின்றது.

ஆகவே பாதைநிலத்தைக் காக்கவேண்டும் என்று நாம் சொல்லும்போது, ஏழைக் குடும்பத்தை வீதியில் விடவேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மாற்றுக்காணி கொடுத்த பின்னரே அறிவித்தல் கொடுக்கப்படவேண்டும் என்கிறோம். ஆனால் பாதைநிலத்தின் ஒரு துண்டை உறுதியெழுதி விற்பவனும் வாங்குபவனும் ஏழைகள் அல்லர். அவர்களுக்காக நாம் வாதாடப்போவதில்லை.

நிலம் போனால் என்ன ஆகும் என்பதை அறிய வடக்கை விட்டுச் சற்றுத் தெற்கே செல்லவேண்டும். மலைநாட்டிலே, நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறுபாதை இருந்தது. இரண்டரை அடி அகலப் பாதை. 1903ஆம், 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. தேயிலைக்கென்றே போடப்பட்டது. லொறி வந்தது, வருமானம் குறைந்தது, 1948ஆம் ஆண்டு பாதை மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1948 என்ற ஆண்டைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? பிரசாவுரிமைச் சட்டம்! அந்தப் பாதையின் இருமருங்கிலும் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்கள் எந்த ஆண்டில் நாடற்றவராக்கப்பட்டனரோ, அதே ஆண்டில் அவர்களின் புகையிரதமும் போயிற்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. வாக்கில்லாதவன் வண்டியை நிறுத்தாதே என்று யாரிடம் முறையிடுவான் என்று மட்டும் கேட்கிறோம்.

களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் அதே இரண்டரை அடிப் பாதை. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கா வரை சென்றது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி கைவிடப்பட்டது. 1990களில் அவிசாவளை வரையிலான பாதையை அகலப்படுத்தினர். இரத்தினபுரிக்கும் மீண்டும் புகையிரதம் வரும் என்ற பேச்சு எத்தனையோ முறை எழுந்தது. இன்றும் வண்டி அவிசாவளையோடு நிற்கிறது. பழைய பாதைநிலத்திற் பல இடங்களில் வீடும் கடையும் எழுந்துவிட்டன. அங்கே ஷெல் விழவில்லை, பதுங்குகுழி வெட்டப்படவில்லை. போர் நடந்த நிலத்திற் பாதை மீண்டது. போர் நடக்காத இரத்தினபுரியில் மீளவில்லை. சிந்தித்துப் பாருங்கள்.

மூடுவதற்கு ஒரு முறை உண்டா? ஒரு நாட்டில் இருந்தது. அந்த முறையின் நன்மையையும் குறையையும் கற்பது நமக்கு உதவும். பிரித்தானியாவில் 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் 56ஆம் பிரிவில், பயணிகள் பாதையொன்றை மூட விரும்பினால் பத்திரிகையில் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. ஆறு வாரத்துக்குள் எவரேனும் ஆட்சேபித்தால், பயணிகளின் ஆலோசனைக்குழு விசாரித்து அறிக்கை கொடுத்து, அமைச்சர் சம்மதிக்கும் வரை மூட முடியாது. நல்ல ஏற்பாடு! ஆனால் குழு விசாரிக்கக்கூடிய விடயம் ஒன்றே: மூடினால் பயணிகளுக்கு என்ன இடர்ப்பாடு? நட்டக் கணக்குச் சரியா பிழையா என்று குழு கேட்கமுடியாது. நம் நீதவான் மன்றில் இடர்ப்பாட்டைச் சொல்ல முடியாது. அவர்களின் குழுவில் இடர்ப்பாட்டைத் தவிர வேறொன்றையும் சொல்ல முடியாது!

அந்தக் கணக்கைத் தயாரித்தவர் ரிச்சர்ட் பீச்சிங். இரசாயனக் கம்பனியொன்றிலிருந்து புகையிரதச் சபைக்குத் தலைவராக வந்தவர். அவரை நியமித்த போக்குவரத்து அமைச்சர் ஏர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், வீதி அமைக்கும் கம்பனியொன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவர் என்பதையும் சொல்லிவைப்போம். 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, பாதையின் மூன்றிலொரு பங்கிற் பயணத்தின் 1 வீதமே நடக்கிறது என்றும், நிலையங்களிற் பாதி, பயணிகள் வருமானத்தில் ஏறத்தாழ 2 வீதத்தையே தருகின்றன என்றும் காட்டிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடும்படி சிபாரிசு செய்தது. எண்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் அவை எடுக்கப்பட்டது 1961ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒரே ஒரு வாரத்தில். கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களுக்கு ஏப்பிரலில் யார் போவார்? மேலும், அவ்வூர்களுக்குப் போகிறவர் சீட்டை எடுப்பது தம் நகரத்து நிலையத்தில். வருமானம் அந்த நிலையத்தின் ஏட்டில். போய் இறங்கும் ஊரின் ஏட்டிற் பூச்சியம்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கொழும்புக் கோட்டையிற் சீட்டு எடுத்து ஒருவர் கொடிகாமத்தில் இறங்குகிறார். காசு கோட்டையின் ஏட்டில் ஏறுகிறது. கொடிகாமத்தை மூடினால் நட்டம் குறையும் என்று ஒரு கணக்காளர் எழுதுவார். மூடுவார்கள். கோட்டையின் வருமானமும் குறையும். அது ஏன் குறைந்தது என்று ஆராய இன்னொரு கணக்காளர் வருவார்!

அந்நாட்டில் எடின்பரோவிலிருந்து கார்லைல் வரை, எல்லைப்புறக் கிராமங்களின் ஊடாக 98 மைல் நீளமான பாதையொன்று இருந்தது. வேவர்லிப் பாதை என்பார்கள். 1969ஆம் ஆண்டு ஜனவரியில் அது மூடப்பட்டது. கடைசி இரவில் நியூகாசில்ரன் என்ற சிற்றூர் மக்கள் புகையிரதக் கடவையின் படலையைப் பூட்டி வண்டியை மறித்தனர். ஊர்ப் பாதிரியார் கைதானார். வண்டியிலிருந்த பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கிப் பேசிச் சமாதானம் செய்தபின் பாதிரியார் விடுவிக்கப்பட்டார், மக்கள் வழிவிட்டனர். பின்னர் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. நிலம் சிதறியது. ஓரிடத்திற் பெருவீதி குறுக்கே சென்றது. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் அதன் வடபகுதியில் ஏறத்தாழ 30 மைலை மட்டும் திரும்பப் போட்டுத் திறந்தனர். பெருவீதியின் கீழே குடைந்து செல்லவேண்டியிருந்தது. வீடுகளை வாங்கி இடிக்கவேண்டியிருந்தது. செலவு 29 கோடி பவுணுக்கு மேல். முதல் ஆண்டிலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்தன. அந்த மக்கள் அங்கேயேதான் இருந்தனர். பாதையின் மிகுதி, ஹோயிக் நகரம் உட்பட, இன்னும் புகையிரதமின்றியே இருக்கிறது.

செல்வம் மிக்க நாட்டின் கதை இது. நம்மிடம் 29 கோடி பவுண் இல்லை. இன்னொரு முறை கடன் கொடுப்பார் இருப்பாரா என்பதும் ஐயமே.

இப்போது நம் அலுவலுக்கு வருவோம். பாதையை மூடப்போகிறார்கள் என்று நாம் யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில் மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட பகுதிகள் திருத்த வேலைக்காக மூடப்பட்டன. வேலை முடிந்ததும் திறக்கப்பட்டன. ஆனால் நம் பாதையின் ஏட்டை எண்ணிப் பாருங்கள். பயணிகள் ஏறுகிறார்கள், 2022ஆம் ஆண்டில் எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குப் புகையிரதத்தின் அருமை தெரியும். வெங்காயம் ஏறுகிறதா? உருளைக்கிழங்கு ஏறுகிறதா? முருங்கன் நெல் ஏறுகிறதா? சுன்னாகச் சந்தையிலிருந்து தெற்கே போகும் மரக்கறி லொறியிலேதான் போகிறது. லொறிக்காரரை நாம் குறைகூறவில்லை. அவர் தோட்டத்து வாசலுக்கே வருகிறார். புகையிரதம் வாசலுக்கு வராது. அது நிலையத்தில் நிற்கும். அங்கே பொதி வைக்கக் கொட்டகை வேண்டும். மரக்கறி வாடாத பெட்டி வேண்டும். இரவில் ஏற்றினால் விடியற் சந்தைக்குப் போய்ச் சேரும் நேர அட்டவணை வேண்டும். இவற்றைக் கேட்காமல் இருந்துவிட்டுச் சரக்கு வருமானம் இல்லையென்று ஏடு சொல்லும் நாளிற் கூச்சலிட்டால் யார் மதிப்பார்?

கேட்பதற்கு எண் வேண்டும். எந்த மாதத்தில், எந்தச் சந்தையிலிருந்து, எத்தனை லொறி, எத்தனை அந்தர், கூலி என்ன என்ற கணக்கு வேண்டும். அதைக் கமக்காரரும் சங்கத்தாரும் தரவேண்டும். இங்கு அமர்ந்திருக்கும் கணக்காளர்கள் தொகுக்கவேண்டும். தலைமன்னார்ப் பாதையிலுள்ள சிறு நிலையங்களுக்கு இது இன்னும் அவசரம். அங்கே ஏட்டிற் பதியும் எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும்.

நொத்தாரிசு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாதைநிலத்தோரம் உள்ள காணிக்கு உறுதி எழுத வருகிறவரிடம் நில அளவைப் படத்தைக் கேளுங்கள். எல்லை என்ற இடத்திற் புகையிரத ஒதுக்குநிலம் என்று பழைய உறுதியில் இருந்தது, புது உறுதியில் ஒழுங்கை என்று மாறியிருந்தால், பேனாவைக் கீழே வையுங்கள். கட்டணம் போனாற் போகட்டும்.

சட்டம் செய்யும் இடத்தில் இருப்பவர்களிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. எந்தப் பாதையையும் நிலையத்தையும் நிரந்தரமாக மூடுமுன் அந்த ஊரிலே, அந்த ஊரின் மொழியிலே பகிரங்க விசாரணை நடக்கவேண்டும். அங்கே இடர்ப்பாட்டையும் கேட்கவேண்டும். கணக்கையும் கேள்வி கேட்கவிடவேண்டும். மூடியே ஆகவேண்டுமென்றாலும் பாதைநிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கட்டும், புல் வளரட்டும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும், விற்பதற்குப் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று விதிக்கட்டும். இதனால் நன்மை பெறுவோர் தமிழர் மட்டுமல்லர். இரத்தினபுரிச் சிங்களக் கமக்காரரும் இதையே கேட்பார் என்று நம்புகிறோம். அவர்களோடு சேர்ந்து கேட்கக் கிடைக்கும் அரிய கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் ஊர்ப் பாதைநிலத்தின் நில அளவைப் படத்தைத் தேடிப் பெற்றுக்கொண்டு வாருங்கள். கிடைக்காதவர்கள் கிராம அலுவலரின் பெயரையும் பிரிவையும் குறித்துக்கொண்டு வந்தாற் போதும். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருவோம். கமக்காரர்கள் கடந்த போகத்தின் லொறிக்கூலிச் சிட்டைகளை எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள்.